சுடுதண்ணிக் குழாய்

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பேர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. தெருவுக்கு அவன் "சொட்டு"தான். குழாய் வேலை முடிந்து கிளம்பும்போது, "ஒரு சொட்டு ஒழுகினாலும் கூப்பிடுங்க, ஓடி வந்துடுறேன்" என்பான். யாரும் கூப்பிட்டதில்லை. சொட்டு வந்து போன வீட்டில் சொட்டு விழாது என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

தங்கை முழுகாமல் இருந்தபோது, நிறைமாசக்காரி அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது என்று அவள் வீட்டு ஹீட்டரிலிருந்து சமையலறைக்குத் தனியாக ஒரு காப்பர் லைன் இழுத்தான். ஒரு நாள் முழுக்க வேலை. பதினாலு ஜாயின்ட், ஒவ்வொன்றும் மோதிரம் மாதிரி. கடைசியில் டேப்பைத் திறந்து, ஆவி பறக்க வந்த தண்ணீருக்கு மேலாகத் தங்கையின் கையைப் பிடித்துக் காட்டினான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜாயின்ட்டை உருக்கிப் பத்தவைக்க அவன் பயன்படுத்தியது பழைய ஈயக்கம்பி. ஈயம் கலக்காத புதுக் கம்பி வந்திருக்கிறது, குடிக்கிற தண்ணீர் லைனுக்கு அதைத்தான் போடவேண்டும் என்று ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். பழைய கம்பியின் டப்பாவிலேயே குடிதண்ணீருக்கு ஆகாது என்று ஒரு வரி அச்சடித்திருந்தது. புதுக் கம்பி லேசில் உருகாது, முரண்டு பிடிக்கும். பழையதோ வெண்ணெய் மாதிரி ஓடிப்போய் இடுக்கில் உட்காரும். "நான் என்ன ஈயத்தைக் கரைச்சா ஊத்தப் போறேன்?" என்று கேட்டுவிட்டுப் பழையதையே ஒரு பெட்டி வாங்கிவந்தான்.

பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதமே தாய்ப்பால் நின்றுபோனதால் புட்டிப்பால்தான். விடியற்காலையில் எழுந்ததும் தங்கை சுடுதண்ணிக் குழாயைத் திறப்பாள், முதல் தண்ணீரைப் பிடிப்பாள், எதற்கும் இருக்கட்டும் என்று அதை இன்னொரு தடவை கொதிக்க வைத்து ஆற்றி, பால் பவுடரைக் கலப்பாள். சுத்தத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இரண்டு வயதில் அந்தக் குழந்தை வாய் ஓயாமல் பேசியது. மாமன் வந்தால் டூல்ஸ் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை. மூன்று வயது தாண்டியதும் பேச்சு ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழும், நாலைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகும். முகம் வெளுத்துப்போனது. பஸ் ஓட்டுகிற மச்சானுக்குப் பொழுதெல்லாம் ரோட்டில். வீட்டுக்கு வந்தால் எரிந்து விழுவார். போனைக் கையில் கொடுத்துக் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டாய், ஒழுங்காகச் சோறு ஊட்டினால் ஏன் இப்படி ஆகிறது என்று பெண்டாட்டியைத்தான் குடைந்தார். அவளும் தன்மேல்தான் தப்போ என்று நம்பத் தொடங்கியிருந்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கப் போன அன்று மச்சானுக்கு டூட்டி. தங்கைக்குத் துணையாகச் சொட்டு போனான். டாக்டரம்மா தாளை இரண்டு முறை பார்த்தார்.

"ரத்தத்துல ஈயம் இருக்கு. இந்த வயசுக்கு ரொம்ப அதிகம். மூளையைத்தான் அது முதல்ல தொடும்."

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும் என்றார். வீட்டுச் சுவரில் பழைய பெயின்ட் உதிர்கிறதா, பக்கத்தில் பேட்டரி உடைக்கிற பட்டறை உண்டா, பொம்மைகள் எப்படிப்பட்டவை என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தங்கை விழுந்து விழுந்து பதில் சொன்னாள். பிறகு டாக்டரம்மா தண்ணீருக்கு வந்தார்.

"குழாய் என்ன குழாய்?"

"காப்பர்" என்றான் சொட்டு.

"ஜாயின்ட்டெல்லாம் எதால பத்தவச்சிருக்காங்க, தெரியுமா?"

தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றான். டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். அண்ணன் வேலைமேல் தங்கைக்குச் சந்தேகமே வரவில்லை, அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதற்கடுத்த இரண்டு நாளும் அவள் வீட்டை உரித்துப் போட்டாள். பொம்மைகளை மூட்டை கட்டி வெளியே வைத்தாள். ஜன்னல் கம்பியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சொட்டு கூடமாட நின்று சுவரில் உதிர்ந்த பெயின்டைச் சுரண்டி ஈரத்துணியால் துடைத்தெடுத்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பான், வேறு ஏதாவது பேசுவான். நம் ஜாயின்ட்டாக இருக்காது, பெயின்டாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பெயின்டாக இருக்கவேண்டுமே என்று அவன் தவித்த தவிப்பு அவனுக்கே கேவலமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை சமையலறை வாசலில் நின்றான். தங்கை குழாய்த் தண்ணீரை அடுப்பில் வைத்திருந்தாள். கொதித்தது. அணைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் விட்டாள்; ஈயம் கீயம் இருந்தாலும் கொதியில் செத்துப்போகட்டும் என்றாள்.

"அது சாகாதும்மா. கொதிக்கக் கொதிக்க கெட்டியாத்தான் ஆகும்."

அவள் திரும்பினாள்.

"ஜாயின்ட் எல்லாம் ஈயக்கம்பி. நான் வச்சது. சுடுதண்ணி அதை இன்னும் சீக்கிரமா அரிச்சிடும்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"டாக்டர் கேட்டப்பவே."

அவள் அடுப்பை அணைத்தாள். மேஜைமேல் குழந்தை பாதி குடித்து வைத்த பால் டம்ளர் இருந்தது. அதை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"ரெண்டு நாள், அண்ணா" என்றாள். "இந்த ரெண்டு நாளும் நானே என் கையால குடுத்தேனே."

அன்றைக்கே லைன் முழுவதையும் அறுத்து எடுத்தான். டாக்டரம்மா சொன்னபடி குழாய்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிவு வந்தது. குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தில் இருந்தது இறங்கியது. இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், ஏற்கெனவே போனதில் எவ்வளவு திரும்பும் என்று கேட்காதீர்கள் என்றார் டாக்டரம்மா. மச்சான் வார்டு வாசலில் சொட்டுவை மறித்து, இனி என் வீட்டு வாசப்படி மிதிக்காதே என்றார்.

அந்த ஈயக்கம்பியால் குடிதண்ணீர் லைன் போட்ட வீடுகளை உட்கார்ந்து யோசித்து எழுதினான். பத்தொன்பது. ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டினான். தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னான், லைனை மாற்றித் தருவதாகச் சொன்னான். வேலை கிடைக்காமல் புதுசாக ஒரு கதை கட்டுகிறான் என்றார் ஒருவர். நாலு வருஷமாகக் குடிக்கிறோம், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம் என்று இன்னொருவர் கதவைச் சாத்தினார். ஏழு வீட்டில் மட்டும் லைனை அறுக்க விட்டார்கள். ஊரில் யாரும் அதற்குப் பிறகு அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை.

பதினோராவது வீட்டில் தையல்காரப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, உள்ளே தரையில் உட்கார்ந்திருந்த தன் மகனைப் பேர் சொல்லி அழைத்தாள். அவன் நிமிரவில்லை. இன்னொரு தடவை அழைத்தாள்.

"சுபாவமே அப்படின்னு நினைச்சோம்" என்றாள்.

நாலு நாள் கழித்துப் பரிசோதனைத் தாளோடு அந்தப் பையனின் அப்பா சொட்டுவைத் தேடி வந்து, நடுத்தெருவில் வைத்து அடித்தார். பார்த்தவர்கள் விலக்கி விடுமட்டும் சொட்டு கையைத் தூக்கவில்லை. வீங்கிய உதட்டோடு மறுநாள் பன்னிரண்டாவது வீட்டுக்குப் போனான்.

ஏழு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். பேச்சுப் பயிற்சிக்குப் போகவேண்டும், மச்சான் வெளியூர் டூட்டி, பஸ்ஸில் குழந்தை அடங்க மாட்டேன் என்கிறது, வண்டி கொண்டு வருவாயா என்று கேட்டாள். அவ்வளவுதான் பேசினாள். வழியில் குழந்தை அவன் முதுகில் முகத்தை வைத்துச் சாய்ந்திருந்தது. யார் முதுகு என்று அதற்குத் தெரிந்ததா என்பது அவனுக்குத் தெரியவில்லை.

பயிற்சி அறைக்கு வெளியே அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தார்கள். திறந்த கதவு வழியாகப் பார்த்தார்கள். பயிற்சி தருகிற பெண் ஒரு பந்தைக் காட்டி, உதட்டைக் குவித்துக் குவித்துச் சொல்லிக் கொடுத்தாள். குழந்தை வெகு நேரம் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, "பா" என்றது.

சொட்டு தங்கை பக்கம் திரும்பினான்.

"போன மாசமும் இவ்வளவுதான் சொன்னா" என்றாள் அவள்.