மாப்பிள்ளைக் காரின் வைப்பர்

நோர்வூட் கோயில் மண்டபத்தில் வினோதாவுக்குத் தாலி கட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே கொட்டுகிற மழையில் மாப்பிள்ளைக் கார் ஜோடனையோடு நின்றது. அதன் வைப்பர்தான் அசைய மாட்டேன் என்றது.

கார் பரமலிங்கம் சேருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வினோதாவுக்குக் கணக்குப் படிப்பித்தவர். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பொகவந்தலாவையில் இறக்கிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த மலைப்பாதை வளைவுகளில் வைப்பர் இல்லாமல் போனால் முதலிரவு தேயிலைச் செடிக்குள்தான்.

கல்யாணத்துக்கு வந்திருந்த மெக்கானிக் அழகுமுத்து, பக்கத்திலிருந்த தன் கராஜுக்கு ஓடி, வைப்பரை ஆட்டிவைக்கிற, தீப்பெட்டியளவு புது ரிலே ஒன்றை எடுத்துவந்தான். ஆனால் அதைச் செருகும் இடம் டேஷ்போர்டுக்குப் பின்னால், வயர்க்காட்டுக்குள் இருந்தது. அவன் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

"ஒல்லிக் கை ஒண்ணு வேணும் சேர்."

"வந்தவை எல்லாரும் கொழுத்துப்போய் இருக்கினம். உந்தத் தவில்காரரைக் கேட்டுப் பாரும்."

தவில்காரர் சோலைமலையைத் தவில்தான் தூக்கிக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும். அவ்வளவு ஒல்லி. "இன்னும் நேரமிருக்கில்ல?" என்று தவிலை இறக்கிவைத்துவிட்டு, கார் ஜன்னல் வழியே தலைகீழாகப் புகுந்தார். பழைய ரிலேயைப் பிடுங்கிப் புதியதைச் செருகினார். டக்கென்றது. வைப்பர்கள் ஆடத் தொடங்கின. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கை மட்டும் வெளியே வரவில்லை. வெள்ளிக் காப்பு எதிலோ மாட்டிக்கொண்டது.

உள்ளே ஐயர் கத்தினார்: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

நாதஸ்வரம் தனியாக வீறிட்டது. மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி வாசலைப் பார்த்தார். அங்கே கார் ஜன்னலில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வீடியோக்காரர் மணவறையை விட்டுவிட்டு அவற்றைப் படம்பிடித்தார்.

"யாராச்சும் எதையாச்சும் அடிச்சுத் தொலைங்கய்யா!" என்று காருக்குள்ளிருந்து சோலைமலை அலறினார்.

அழகுமுத்து பொனட்டில் இரு கைகளாலும் வெளுத்து வாங்கினான். சேர் ஹோர்னை அழுத்தி அழுத்தி விட்டார். வினோதா குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில், நாத்தனார் அவள் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தாலி ஏறியது.

பெண்ணின் அப்பா செல்லசாமி குடையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஆடுகிற வைப்பரைக் கண்டார். குடையை விரித்து, நனைகிற கால்களுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சமையல்காரர் கொண்டுவந்த நல்லெண்ணெயில் கை வழுக்கி வெளியே வந்தது.

பந்தியில் சோலைமலை, அழகுமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வடையைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்தார்.

"மூணாவது முடிச்சுல தாளம் தப்பிருச்சு தம்பி."

"அந்த எடத்துல பொனட்டு நெளிஞ்சிருந்துச்சுண்ணே" என்றான் அழகுமுத்து.