இரண்டே கால் அடிக் கதவு

ஒற்றைக் கட்டில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் நடுவில் ஒரு இடுக்கு விழும். ஊரில் எத்தனையோ வீட்டு விரிசலை அடைத்தவன் ரசமட்டம். இந்த ஒரு இடுக்கை மட்டும் அவனால் அடைக்க முடியவில்லை. கட்டில் கால்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டிப் பார்த்தான். சாக்கை மடித்துச் செருகிப் பார்த்தான். மேலே இரண்டு போர்வையை விரித்தும் பார்த்தான். எல்லாம் செய்த பிறகும் மருந்துக்கடைக்காரர் சரியாக அதற்குள்தான் போய் விழுவார். மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய், தன் கடையில் தானே ஒரு வலி பிளாஸ்திரி வாங்கித் தன் முதுகில் தானே எட்டி ஒட்டிக்கொள்வார். பாதிதான் ஒட்டும்.

ரசமட்டம் அவனுடைய பெயர் அல்ல. கொத்தனார்கள் சுவரும் தரையும் சாய்வில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிற கருவிக்குப் பெயர் அது. அவன் அதை எந்நேரமும் சட்டைப் பையில் வைத்திருப்பான். டீக்கடை பெஞ்சில் உட்காரும் முன்கூட எடுத்து வைத்துப் பார்ப்பான். "அரை நூல் சாயுது" என்பான். அப்புறம் அதே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். அன்றைக்கு அவன் பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

மருந்துக்கடைக்காரர் அப்படி இல்லை. தலைவலி என்று வந்தவரிடம் அவர் தூக்கம், சாப்பாடு, மருமகள் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுப்பார். வெள்ளைச் சட்டை, கசங்காது. சமையலறை டப்பாக்களில்கூடக் காலாவதித் தேதி எழுதி ஒட்டுகிற ஆள். ஊரில் யாருக்கு மூலம், யாருக்குப் படை, யாருக்கு முடி கொட்டுகிறது எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் வெளியே சொன்னதில்லை. அதனாலேயோ என்னவோ, அவரைப் பற்றியும் ஊரில் யாரும் அதிகம் சொன்னதில்லை.

சிமெண்ட் கையை அரிக்கும். கொத்து வேலை செய்கிற எல்லோருக்கும் உள்ளதுதான். ஒருமுறை விரலிடுக்கு வெடித்து ரத்தம் வந்து, கொத்துக்கரண்டி பிடிக்க முடியாமல் ரசமட்டம் மருந்துக்கடைக்குப் போனான். கடைக்காரர் களிம்பைக் கொடுக்கவில்லை. கையை வாங்கித் திருப்பிப் பார்த்து, தானே தடவிவிட்டார். அந்தக் கையை அதுவரைக்கும் யாரும் அப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான்.

"கைதான் ஆறிடுச்சே, மேஸ்திரி?"

"திரும்பக் கெட்டுடும் சார்."

"கெட்டதும் வாங்க."

"அதுக்கு முன்னாடியே வந்துட்டா நல்லதுன்னு..."

கடைக்காரர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு களிம்பு மூடியைத் திறந்தார். இப்படித்தான் ஆரம்பித்தது. இதில் பாட்டும் இல்லை, மழையும் இல்லை. துத்தநாகக் களிம்பு வாசனை மட்டும் இருந்தது.

நாலு வருஷம் ஓடியது. கடையை அடைத்துவிட்டுப் பின்சந்து வழியாக வருவார். விடிவதற்குள் பின்சந்து வழியாகவே போய்விடுவார். சந்து நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது. எதிர்வீட்டில் ரசமட்டத்தின் அக்கா இருந்தாள். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அவள் அவனுக்குச் செய்கிற உதவி. சொல்லாமல் இருப்பது அவன் அவளுக்குச் செய்கிற உதவி. அம்மா போன பிறகு அவன் வாசலை மிதிக்கிற ஒரே சொந்தம் அவள்தான். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அந்தக் காலடியும் நின்றுவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

ஒரு நாள் மருந்துக்கடைக்காரர், இடுக்கிலிருந்து எழுந்து உட்கார்ந்தபடியே சொன்னார்.

"அண்ணன் கூப்பிடறார். பெரிய ஊரு, பெரிய கடை. மாடியிலேயே வீடு. இந்த மாசத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்ல கடையா?"

"நான் கடையைப் பத்திப் பேசல, மேஸ்திரி."

"சரி சார்."

"முதல்ல இந்த சாரை விடு. சட்டையில்லாம உக்காந்திருக்கறவனை எவனாவது சார்னு கூப்பிடுவானா?"

"பழகிடுச்சு சார்."

மருந்துக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "நாலு வருஷமா பின்வாசல். பால்காரனே எனக்கப்புறம்தான் வர்றான். எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். ரெண்டு பேரும் படுக்கற மாதிரி ஒரே கட்டில். அது பட்டப்பகல்ல முன்வாசல் வழியா உள்ள வரணும். வந்தா நான் இங்கயே இருக்கேன். வரலைன்னா அண்ணன்கிட்ட போறேன். கோவத்துல சொல்லல. முதுகு வலியில சொல்றேன்."

ரசமட்டம் அன்றைக்குத் தூங்கவில்லை. அடுத்த வாரம் வெல்டிங் பட்டறைக்குப் போனான்.

"இரும்புக் கட்டில். அஞ்சரைக்கு ஆறரை."

பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யாருக்கு?"

"வீட்டுக்கு."

"வீடு படுக்காதே. யாருக்குன்னு கேட்டேன்."

"ரெண்டு பேருக்கு."

"அது அளவுலயே தெரியுது." பட்டறைக்காரர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டார். "தலைமாடு, கால்மாடு தனித்தனியாப் பண்ணி நட்டு போல்ட்டு போட்டுடலாம். கழட்டி மாட்ட வசதி."

"போல்ட்டு வேணாம். நாளாக நாளாக லொடலொடன்னு சத்தம் வரும். மொத்தமா வெல்டு வெச்சுடுங்க. சத்தமே வரக்கூடாது."

பட்டறைக்காரர் ஏதோ கேட்கப் போனார். அப்புறம் தரைக் கோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "புரியுது மேஸ்திரி" என்றார். ரசமட்டத்துக்குக் காது இரண்டும் சுட்டது.

அவன் அறையை இருமுறை அளந்தான். கட்டில் போட்டு நாலு பக்கமும் நடக்க இடம் இருந்தது. மட்டமும் பார்த்துவிட்டான். வாசலை அளக்கவில்லை. ஊரெல்லாம் வாசல் வைத்தவனுக்குத் தன் வாசலை அளக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்த வீட்டை அவனே கட்டினான். கட்டியது என்பதைவிட, சேர்த்தது என்பதுதான் சரி. போகிற வேலையில் மிஞ்சியதை எல்லாம் கொண்டுவந்து வைத்தான். தரை ஓடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுடையது. வருகிறவர்கள் குனிந்து பார்த்து, "இது எங்க அடுப்படி ஓடாச்சே" என்பார்கள். முன்வாசல் கதவும் யாரோ வேண்டாம் என்ற குளியலறைக் கதவு. அகலம் இரண்டே கால் அடி. அப்போது அவன் கணக்கு, ஒரு ஆள் போய் வர அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, கட்டில் சின்ன லாரியில் வந்தது. பட்டறைக்காரரும் கூடவே வந்தார். மருந்துக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு முன்தெரு வழியாக நடந்து வந்தார். வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தார். பகலில் அவரை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேர் எழுந்து நின்று, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்கள்.

கட்டில் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது.

சாய்த்தார்கள். கால் இடித்தது. திருப்பினார்கள். தலைமாடு இடித்தது. நிமிர்த்திப் பார்த்தார்கள். அது வாசலை விட உயரமாக நின்று தெருவைப் பார்த்தது. அதற்குள் பாதித் தெரு கூடிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் யாரும் கேட்காமலே நடுவில் வந்து நின்றார்.

"வரட்டும், வரட்டும். இடது பக்கம் ஒடி. இன்னும் ஒடி. ஹோல்ட்டான்!"

"இது பஸ்ஸு இல்லைங்க" என்றார் பட்டறைக்காரர்.

"எல்லாம் ஒண்ணுதான்யா. பின்னாடி எடுத்துட்டு மறுபடி வாங்க."

ரசமட்டத்தின் மச்சான், அதாவது அக்கா புருஷன், பல் குச்சியோடு வந்து சுற்றிப் பார்த்தார். "மாப்ள, ஊருக்கெல்லாம் வாசல் வெச்சியே, உனக்கு மட்டும் எலி வளை வெச்சிருக்கியே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர்கூடச் சிரித்தார். ரசமட்டம் மட்டும் எதிர்வீட்டைப் பார்த்தான். அக்கா ஈரத்துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கூரையைப் பிரிக்கலாம் என்றார் ஒருவர். பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கலாம் என்றார் இன்னொருவர். இறக்கினாலும் வாசல் அதேதான் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். தனி ஆள் வீட்டுக்கு இவ்வளவு அகலக் கட்டில் எதற்கு, மருந்துக்கடைக்காரர் ஏன் அதன் காலை விடாமல் பிடித்திருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சாமான் வாசலில் நுழையவில்லை என்றால் நம்ம ஆட்களுக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

கடைசியில் பட்டறைக்காரர்தான் வழி சொன்னார். "ஒண்ணும் கஷ்டமில்ல. மிஷின் வண்டியிலயே இருக்கு. நடுவுல அறுத்துடறேன். ரெண்டு கால் சேத்து வெச்சா ரெண்டு ஒத்தக் கட்டில். சுலபமா உள்ள போயிடும். அங்க சேத்துப் போட்டுக்கலாம்."

"அட, அதான் சரி" என்றார் டிரைவர்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் மச்சான்.

எல்லோருக்கும் திருப்தி. பட்டறைக்காரர் ஒயரை எடுக்கப் போனார். மருந்துக்கடைக்காரர் கட்டிலின் காலைத் தரையில் மெதுவாக வைத்தார். கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட ஆரம்பித்தார். ரசமட்டத்துக்கு அது புரிந்தது. அந்தப் பொத்தானைப் போட்டு முடித்தால் மனிதர் அண்ணன் கடைக்குப் போய்விடுவார்.

ரசமட்டம் உள்ளே போனான். சுத்தியலும் உளியுமாகத் திரும்பி வந்தான். கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தான்.

"கட்டிலை அறுக்க வேணாம்" என்றான். "சுவரை உடைச்சுக்கறேன்."

ஒயரை எடுக்கப் போன பட்டறைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"டேய்," இது அக்கா. கூடையோடு தெருவைத் தாண்டி வந்துவிட்டாள். "கிறுக்குப் புடிச்சிருக்கா? உன் கையால கட்டின சுவருடா. ஒரு கட்டிலுக்காக எவனாவது வீட்டை உடைப்பானா?"

ரசமட்டம் உளியைப் பார்த்துக்கொண்டு பேசினான். ஆனால் சத்தமாகப் பேசினான்.

"கட்டும்போது ஒரு ஆளுக்குன்னு கட்டிட்டேன்க்கா. இப்ப நாங்க ரெண்டு பேரு."

சொல்லிவிட்டுத் திரும்பினான். "நீ கொஞ்சம் தள்ளி நில்லு, சட்டையெல்லாம் தூசியாயிடும்" என்றான் மருந்துக்கடைக்காரரிடம்.

கூட்டத்தில் சிலருக்கு முதலில் சொன்னது பிடிபடாமல் இருந்திருக்கலாம். இந்த 'நீ' எல்லோருக்கும் பிடிபட்டது. மச்சான் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்து, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் போட்டுக்கொண்டிருந்த பொத்தானை விட்டுவிட்டார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். கட்டிலை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு திரும்பித் தன் வீட்டுக்கு நடந்தாள். கதவு மூடும் சத்தம் கேட்டது.

ரசமட்டம் உளியை வைத்து முதல் அடி அடித்தான். அடி வழுக்கியது. நாளெல்லாம் சுவர் உடைக்கிறவனுக்கு அன்றைக்குச் சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டாவது அடியில் பூச்சு உதிர்ந்தது. வாசலுக்கு மேல் வைக்கிற கான்கிரீட் உத்திரத்தை, அதாவது லிண்டலை, மட்டும் வீடு கட்டும்போதே நீளமாகப் போட்டிருந்தான், மிஞ்சின கம்பியை வீணாக்க மனசில்லாமல். அதனால் கீழே எவ்வளவு எடுத்தாலும் மேலே நிற்கும். செங்கல் ஒவ்வொன்றாக வந்தது. மருந்துக்கடைக்காரர் அதை வாங்கி, பெரியது சிறியது பார்த்து, தெருவோரம் வரிசையாக அடுக்கினார். யாரும் சொல்லாமலே மச்சானும் ஒரு செங்கல்லை எடுத்து அதே வரிசையில் வைத்தார்.

தூசி எழும்பித் தெருவெல்லாம் பரவியபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா வாளி நிறையத் தண்ணீரோடு வந்து இடிபாட்டின் மேல் தெளித்தாள்.

"துணி காயப் போட்டிருக்கேன். கொஞ்சமாவது அறிவிருக்கா? தண்ணி தெளிக்காம உடைக்கறான் பாரு, பெரிய கொத்தனாரு."

"மறந்துட்டேன்க்கா."

"எல்லாத்தையும் மறந்துடு." இன்னொரு கை தண்ணீர் தெளித்தாள். "திரும்பக் கட்டும்போது ஒழுங்கா அகலமா விடு. இத்தனை வருஷமா உனக்குச் சோறு கொண்டாறேன்னு உள்ள வர்றப்பல்லாம் நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் வந்துட்டிருக்கேன். என் உடம்புக்கு இது வாசலா?"

"சொல்லியிருக்கலாமே?"

"நீயும்தான் சொல்லியிருக்கலாம்" என்றாள் அக்கா. வாளியை மருந்துக்கடைக்காரர் கையில் கொடுத்தாள். "நீங்க தெளிங்க. எனக்கு மூட்டு வலி. நீங்க குடுத்த தைலம் ஒண்ணுத்துக்கும் உதவல."

"ராத்திரி தடவிட்டுச் சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கணும்னு சொன்னேனே?"

"சொன்னீங்க, சொன்னீங்க."

மத்தியானத்துக்குக் கட்டில் உள்ளே போனது. டிரைவர் கடைசிவரை "ஒடி, ஒடி" என்றுகொண்டிருந்தார். ரசமட்டம் கட்டிலின் மேல் கருவியை வைத்துப் பார்த்தான். ஒரு நூல் சாய்ந்தது. தரையில் இருந்த எவர் வீட்டு ஓட்டிலோ பிசகு. காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்தான்.

கூட்டம் கலைந்த பிறகு மருந்துக்கடைக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். சத்தம் வரவில்லை. வாசல் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. அதன் வழியாகத் தெருவும், அக்காவின் கொடியில் ஆடும் புடவையும் தெரிந்தன. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்து, "நல்லா காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மருந்துக்கடைக்காரர் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"இல்லண்ணே, வரல... உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்க வீட்டு வேலை நடக்குது... ஆமா, எங்க வீடுதான்." போனைக் கையால் பொத்திக்கொண்டார். "வேலை எப்ப முடியும்னு கேக்கறாரு. முடிஞ்சதும் வரலாம்லங்கறாரு."

ரசமட்டம் தெருவோரம் அடுக்கியிருந்த செங்கலைப் பார்த்தான். பூச்சு போன சுவரைப் பார்த்தான். வீடு கட்டின நாளிலிருந்து இன்னும் பூசாமல் கிடக்கிற பின்சுவரையும் ஒருமுறை பார்த்தான்.

"கொத்தனார் வீடுன்னு சொல்லு" என்றான். "அவருக்கே புரியும்."