அண்ணன் அடைத்த தோட்டா

ஐந்தாவது தோட்டாவும் எங்கோ போய்த் தொலைந்தது. சுடும் திடலில் இருநூறு கஜம் தள்ளி நின்ற குறி அட்டையை மார்லா தொலைநோக்கியில் பார்த்தாள். ஒன்று மேலே, இரண்டு கீழே, ஒன்று ஓரத்தில், ஒன்று வட்டத்துக்கே வெளியே. கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது.

"சரி விடு," என்றான் பக்கத்து மேசையிலிருந்த அண்ணன் டுவேன், பிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றியபடி. "தோட்டா என்ன பண்ணும் பாவம்? எல்லாம் சுடுறவங்க கையில இருக்கு."

அவனுடைய அட்டையில் ஐந்து ஓட்டைகளையும் ஒரே நாணயத்தால் மூடிவிடலாம். அதைக் காலையிலிருந்து அவனே சொல்லிச் சொல்லிக் காதைப் புண்ணாக்கிவிட்டான். இரண்டு பேருடையதும் அப்பா வாங்கிக் கொடுத்த ஒரே அளவுத் துப்பாக்கிதான். இரண்டு பேருடைய தோட்டாக்களையும் தன் கொட்டகையில், காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்துக் கையால் அடைத்தவனும் அவனேதான்.

மொன்டானா மாநிலத்தில் பெருங்கொம்பு மலையாட்டை வேட்டையாட அனுமதிச் சீட்டு குலுக்கலில் விழ வேண்டும். பாதிப் பேர் அது விழாமலேயே செத்துப் போவார்கள். டுவேன் முப்பது வருஷமாக எழுதிப் போடுகிறான். ஒவ்வொரு வருஷமும் பட்டை நாமம். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மார்லாவுக்கு இந்த வருஷம் விழுந்துவிட்டது. சேதி கேட்டதும் அவன் ஓடி வந்து கட்டிப்பிடித்து, "உனக்குத் தோட்டா நான் அடைச்சுத் தரேன்" என்றான். அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், பைத்தியக்காரி.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத," என்றான் இப்போது. "மலையில நான் சுட்டுடறேன். உன் சீட்ட கொம்புல கட்டிடுவோம். எவன் பாக்கப் போறான்?"

"மாட்டினா ரெண்டு பேர் துப்பாக்கியையும் புடுங்கிடுவாங்கண்ணே."

"பாதி ஊரு அதத்தான் பண்ணுது. நீ பாட்டுக்கு வயித்துல சுட்டுட்டு, அந்த ஆடு நொண்டிக்கிட்டே போய் எங்கயாவது கிடந்து சாகணுமா?"

அந்தப் பேச்சு அவளைச் சுருக்கென்று தைத்தது. ஆடு அப்படிச் சாவதை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. சரி, நீயே சுடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

டுவேன் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டுப் புது அட்டை ஒட்ட நடந்தான். கொடி ஏறிவிட்டால் யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. சும்மா நிற்கப் பிடிக்காமல் மார்லா தான் சுட்ட காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கினாள். உள்ளங்கையில் போட்டுப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. ஐந்து கூடுகளின் அடியில் மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் முத்திரை.

அடப் பாவி! தோட்டா அடைக்கிறவன் எவனும் கூட்டைக் கலக்கமாட்டான். கம்பெனிக்குக் கம்பெனி கூட்டின் கனம் மாறும், உள்ளே போடும் மருந்தின் வேகமும் மாறும். டுவேன் அதில் சாமியாடுவான். கலந்து வைத்த ஒரு ஆளைத் தன் கொட்டகையை விட்டே துரத்தியவன். மார்லா மிச்சத் தோட்டாக்களில் நாலை எடுத்து மேசையில் வரிசையாக நிறுத்தினாள். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. பிறகு அவன் பெட்டியைத் திறந்தாள். உள்ளே எல்லாம் ஒரே முத்திரை, ஒரே உயரம்.

அவன் திரும்பி வந்து கொடியை இறக்கும் வரை அவள் காத்திருந்தாள். இறக்கியதும் உட்கார்ந்து, அவன் தோட்டாக்களில் ஐந்தைத் தன் துப்பாக்கியில் போட்டாள்.

"ஏய், அது என்னோடது!"

"தெரியும்."

ஐந்தையும் நிதானமாகச் சுட்டாள். அட்டையில் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. டுவேன் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"பாத்தியா, என் அடைப்பு எப்படி—"

"உன் அடைப்புல குறையே இல்ல. கொட்டகையில கூட்டிப் பெருக்குனத எனக்கு அடைச்சுக் குடுத்திருக்க. கூடப் பொறந்தவளுக்கு! என் கைக்கே சுடத் தெரியலன்னு என்னையே நம்ப வச்சியேடா!"

டா போட்டு அவனை அவள் கூப்பிட்டதே கிடையாது. டுவேன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"முப்பது வருஷம் மார்லா. நீ விளையாட்டா எழுதிப் போட்ட. உனக்குப் போய் விழுது."

"அத வாய் விட்டு அழுதிருந்தா நானும் சேந்து அழுதிருப்பேன். கூடவே கூட்டிட்டும் போயிருப்பேன். இப்ப நீ வராத. ஆட்ட நானே சுட்டு, நானே சுமந்துட்டு வரேன். முதுகு ஒடிஞ்சாலும் பரவால்ல."

அவனுடைய பெட்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். கலப்படத் தோட்டாக்கள் மிச்சமிருந்த தன் பெட்டியை அவன் கையில் திணித்தாள்.

"இத என்ன பண்ணச் சொல்ற?"

"மான் வேட்டைக்கு வச்சுக்க. தோட்டா என்ன பண்ணும் பாவம்? எல்லாம் சுடுறவங்க கையிலதான இருக்கு."

துப்பாக்கியை உறையில் போட்டு, வண்டிக் கதவை அறைந்து சாத்தினாள். டுவேன் அந்தப் பெட்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.