சாமிக்குத்தானே, ஆத்தா!

செடி வைத்தவர்களுக்கு எறும்புத் தொல்லை இருக்கும், பூச்சித் தொல்லை இருக்கும். எனக்கு வாய்த்தது எதிர்வீட்டு நாகம்மை ஆச்சி. என்னைவிடச் சில வயதுதான் பெரியவர். செட்டியார் வீட்டு அம்மா என்பதால் பத்து பாகாட்டில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். விடிந்ததும் விடியாததுமாகக் குளித்துவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு, சொந்த வீடு மாதிரி என் கேட்டைத் திறந்து உள்ளே வந்துவிடுவார். என்ன ஆச்சி என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"சாமிக்குத்தானே, ஆத்தா!"

மிளகாயைப் பறித்தால் சண்டை போடலாம். பூவைப் பறித்துவிட்டுச் சாமி என்று சொல்கிறவரை என்னதான் செய்வது?

அந்தச் செடியை நான் சாமிக்காக வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் மனோகரனுக்காக வைத்தேன். துணி ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் அவர் குரல். வருஷத் தொடக்கத்தில் ஸ்ட்ரோக் வந்து வலது கையும் பேச்சும் போயின. "சொல்லுங்க, சொல்லுங்கன்னு அவரைப் போட்டுப் படுத்தாதீங்க," என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். "கண்ணுக்கு முன்னால பிடிச்சது ஏதாவது இருக்கட்டும். வார்த்தை தானா வரணும்." ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அது என்ன வார்த்தையாக இருந்தாலும் சரி.

அவர் கட்டில் முன்னறை ஜன்னலோரம். வெளியே பார்த்தால் சிமெண்டுத் தரை, அதை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண். சாஆ ஊரிலிருந்து என் தம்பி ரூபேந்திரன் ஒரு இட்லிப் பூச்செடி கொண்டுவந்தான். மலாய்க்காரர்கள் ஜாரும் என்பார்கள். செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், காட்டோரம் தானாக முளைத்ததிலிருந்து பதியம் போட்டானாம்.

"நர்சரிச் செடியெல்லாம் வேணாங்கா. இது இந்த ஊரு ஜாதி. நம்ம மழைக்கும் வெயிலுக்கும் பழகினது. தண்ணி ஊத்திட்டு விட்ரு லா."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். செடி வாரா வாரம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. தோண்டிப் பார்த்தால், வீடு கட்டியவன் உடைந்த சிமெண்டுக் கட்டிகளை எல்லாம் அங்கேதான் புதைத்து வைத்திருக்கிறான், கடன்காரன்! "காட்டுச் செடிக்குச் சிமெண்டு ஆகாதுக்கா," என்று தம்பி போனில் சாவகாசமாகச் சொன்னான். இடுப்பு ஒடிய எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, மக்கிய இலையும் புது மண்ணும் நிரப்பினேன். பிறகுதான் துளிர் பச்சையாக வந்தது, மொட்டும் வந்தது.

முதல் கொத்து ஆரஞ்சும் சிவப்புமாக விரிந்த அன்று அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். உதடு குவிந்தது. காற்று மட்டும் வந்தது. நாளைக்கு வந்துவிடும் என்று நம்பினேன். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் செடி மொட்டையாக நிற்கிறது. எதிர்வீட்டில் பூஜை மணி கேட்கிறது.

கேட்டைப் பூட்டினேன். ஆச்சி சுவருக்கு வெளியே நின்று குடைப் பிடியால் கிளையை வளைத்தார். இந்தப் பூவை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"பறிச்சாத்தான் ஆத்தா நுனி வெடிச்சு இன்னும் நெறையப் பூக்கும்."

எரிச்சல் என்னவென்றால், அது உண்மை. பறித்த இடத்திலெல்லாம் இரண்டிரண்டாகக் கிளைத்துப் பூத்தது. அதையும் பறித்துக்கொண்டு போனார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாசலில் மறித்துக்கொண்டேன். "அலமாக், ஆச்சி! உங்க சாமிக்கு வேற வீட்டுப் பூவே கெடைக்கலயா? அவரு பாக்கணும்னு வச்ச செடி இது. அவரு வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதான்னு நான் செத்துக்கிட்டு இருக்கேன்!"

ஆச்சியின் முகம் விழுந்துவிட்டது. "நானும் அதுக்குத்தானே ஆத்தா பறிக்கிறேன். தினமும் பூஜையில முருகனுக்கு உன் வீட்டுக்காரர் பேருக்குத்தான் அர்ச்சனை. அவர் வீட்டுப் பூவா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்."

திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ரோட்டுப் பக்கம் பூப்பது சாமிக்கு, ஜன்னல் பக்கம் பூப்பது அவருக்கு. ஆச்சி தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். நானும் கேட்டுப் பூட்டை எடுத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜன்னலுக்கு நேரே கைப்பிடி அளவுக்கு ஒரு கொத்து விரிந்திருந்தது. நான் அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏய்! வை... டி!"

முதலில் பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தேன். இல்லை. அது அவர் குரல். வாசலுக்கு ஓடினேன். ஆச்சி அந்தப் பெரிய கொத்தைப் பிடித்தபடி நின்றார்.

"வெள்ளிக்கிழமையாச்சேன்னு ஒண்ணே ஒண்ணுதான் ஆத்தா... என்னையா டி போட்டாரு?" என்றவர் சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டார். "பாத்தியா, முருகன் கேட்டுட்டான்!"

"முருகனா? செடி ஆச்சி, செடி! வாக்குக் கொடுத்துட்டு இதையும் பறிக்க வந்தீங்களே!"

"பறிக்கப் போய்த்தானே பேசினாரு!"

இரண்டு பேரும் கண்ணீரும் மூக்குமாக நடுவாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து கட்டில் கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டது. இருவரும் ஜன்னலுக்கு ஓடினோம்.

அவர் ஆச்சியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எச்சில் வழிந்தது. எங்கிருந்தோ இழுத்து எடுப்பதுபோல் வார்த்தை வந்தது.

"ஏன்... வி... விட்ட?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சிமெண்டு தோண்டியது நான், கேட்டைப் பூட்டியது நான், ஊரே பார்க்கச் சண்டை போட்டது நான். இத்தனை மாதம் கழித்து இந்த மனுஷன் என்னிடம் முதலில் பேசியது இதுவா? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுகையை அடக்க முடியாமல், "நானா விட்டேன்? நானா?" என்று கத்தினேன். "எங்க, இன்னொரு தடவ திட்டுங்க பாப்போம்!"

திட்டினார்.