உருளைக்காகச் சேர்த்த டப்பா

செவ்வந்தி இந்தப் பூனையையும் உருளை என்றுதான் கூப்பிட்டாள். அவள் அப்படிக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் புருஷன் தம்பிதுரைக்கு முதுகில் ஈரமூட்டை ஏறியது போல இருக்கும்.

பழைய உருளை செத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. தம்பிதுரை மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அங்கே காலிச் சாக்குகளுக்கு நடுவே கிடந்த குட்டியை அவர்தான் சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுருண்டு படுத்தால் கிழங்காட்டமே இருக்கிறது என்று செவ்வந்தி பெயர் வைத்தாள். இரண்டு வருஷம் அவள் காலடியிலேயே வளர்ந்தது.

ஒருநாள் கழுத்தில் புண்ணோடு வந்தது. புண்ணுக்குள் புழு நெளிந்தது. செவ்வந்தி அப்போது மகளின் பிரசவத்துக்காக அவிநாசி போயிருந்தாள். மாட்டுக்குப் புழு வைத்தால் ஊரில் என்ன செய்வார்களோ அதையே தம்பிதுரை செய்தார். குளியலறையில் இருந்த பினாயிலைத் தண்ணீரில் கலக்கினார். பால் மாதிரி வெளுத்தது. புண்ணில் ஊற்றினார். புழுக்கள் உதிர்ந்தன. நல்லபடியாக முடிந்தது என்று பீடி பற்றவைத்துக்கொண்டார். பூனை மூலையில் போய் உட்கார்ந்து, நெஞ்சிலும் காலிலும் வழிந்திருந்ததை நக்கத் தொடங்கியது. நக்கி நக்கித் துடைத்தது. பிறகு வாயில் நுரை தள்ளியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

திரும்பி வந்த செவ்வந்தியிடம் தெருநாய் கடித்துவிட்டது என்று சொன்னார். அவள் இரண்டு நாள் அழுதாள். அதன் பிறகு முக்குக்கடைச் செவலை நாயைப் பார்க்கும்போதெல்லாம் கல்லெடுத்து எறிந்தாள். அது எதையும் அறியாத நாய்.

அடுத்த வருஷம் தம்பிதுரை பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடந்த முதியோர் வகுப்புக்குப் போய், ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டார். மூட்டையில் யார் பேர் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும் என்றுதான் போனார். ஆனால் வாசிக்கப் பழகிய கண் சும்மா இருப்பதில்லை. சுவர், பஸ், தீப்பெட்டி என்று கண்டதையெல்லாம் வாசிக்கும். அப்படித்தான் ஒருநாள் பினாயில் பாட்டிலின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்கவும். பாட்டில் புதிது. எழுத்து பழையது. அன்றைக்கும் அது அவர் உள்ளங்கைக்கு அடியில்தான் இருந்திருக்கும்.

இந்த ஆடியில் புதுப்பூனை தானாகவே வந்தது. அதே சாம்பல் நிறம். கதவைத் தாண்டி நேராக அதே மூலைக்குப் போய் உட்கார்ந்து தம்பிதுரையைப் பார்த்தது. பிறகு காலைத் தூக்கி நக்கியது.

அன்றிலிருந்து அவருக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று. விடியும் முன்னே மண்டிக்குப் போய் பதினொரு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அந்த ஒரு தூக்கம்தான் சொத்து. கண்ணை மூடினால் நாக்குச் சத்தம் கேட்கும். எழுந்து பார்த்தால் பூனை வெளியே வெயிலில் படுத்திருக்கும். மூலை காலியாக இருக்கும். அங்கே பினாயில் வாடை அடிக்கும். செவ்வந்தியைக் கேட்டால் அங்கே துடைக்கவே இல்லை என்பாள். பூனை உண்மையாகவே நக்கும்போது போய்க் கையைத் தட்டி நிறுத்துவார். பூனை நக்குவதை விட்டு அவரைப் பார்க்கும். அதை ஒருநாளும் அவர் தொட்டதில்லை. தன் கை பட்டால் இதுவும் போய்விடும் என்று நினைத்தார்.

கடைசியில் ஒருநாள் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் சண்முகப்ரியா சின்னப் பெண். பூனைக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வீட்டில் என்ன வைத்திருக்க வேண்டும் என்றார். அவள் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். புண்ணில் வைக்கிற காஸ் துணி. பேண்டேஜ். சலைன் பாட்டில். முனை மழுங்கிய கத்திரி. ஊசி இல்லாத சிரிஞ்சு. சுற்றிப் பிடிக்க ஒரு பழைய துண்டு. அயோடின் மருந்து, அதுவும் தண்ணீர் விட்டு, பால் விடாத வரட்டீ நிறத்துக்குக் கலக்கித்தான். மனுஷர் சாப்பிடுகிற காய்ச்சல் மாத்திரை பக்கத்திலேயே வரக்கூடாது, பூனைக்கு அது விஷம். மூடி போட்ட கூடை. ஆஸ்பத்திரி போன் நம்பர்.

“நீங்க வைத்தியம் பாக்க வேண்டாமுங்கண்ணா. புண்ண மூடித் தூக்கிட்டு வந்துருங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”

பழையதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மகள் கல்யாணத்துக்குப் பலகாரம் வந்த பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாவற்றையும் அடுக்கினார். எழுதிய சீட்டை மூடிக்குள் ஒட்டினார். மண்டியில் கூட மூட்டை தூக்கும் சென்னிமலை, டப்பா ஆயிருச்சு, ஆம்புலன்ஸு எப்பங்க வருது என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். செவ்வந்தி மட்டும் விடுவாளா?

“எனக்குக் காச்சல்னா சுக்குத்தண்ணி. பூனைக்கு ஆஸ்பத்திரியே கட்டியாச்சு.”

அவர் டப்பாவை மூடி அலமாரி மேல் வைத்தார்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை மண்டியிலிருந்து வந்தவர், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செவ்வந்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இடது கையால் பூனையின் பிடரியைப் பிடித்திருந்தாள். கழுத்தில், அதே பக்கம், புண் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவள் வலது கையில் ஒரு மக். மக் நிறைய பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர்.

“வந்துட்டீங்களா. காலப் புடிங்க. புழு வெச்சுப்போச்சு, பினாயில ஊத்திப்போட்டா செத்துரும்.”

அவள் குரலில் அவசரம் மட்டுமே இருந்தது. நாய் கடித்து ஒரு பூனை செத்ததைத் தவிர அவளுக்கு வேறென்ன தெரியும்? பூனை அவளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தது. மக் சாய்ந்தது.

“ஊத்தாத செவ்வந்தி.”

“ஏனுங்க?”

“உருளைய நாய் கடிக்கல.”

அவள் நிமிர்ந்தாள்.

“நாந்தான் இதயே ஊத்துனேன். நக்கிச் செத்துப்போச்சு.”

செவ்வந்தி மக்குக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு கையை எட்டி நீட்டி, பூனை மேல் ஒரு சொட்டும் தெறிக்காமல் அதைச் சாக்கடையில் கவிழ்த்தாள். வாடை எழுந்தது. அவருக்கு மட்டும் இத்தனை நாள் அடித்த வாடை, இப்போது இரண்டு பேருக்கும் அடித்தது.

டப்பாவை எடுத்து வந்தார். துண்டைப் பூனை மேல் போர்த்திக் கால்களைச் சேர்த்துச் சுற்றினார். அதற்கு முன் அதைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சூடாக இருந்தது. காஸ் துணியைச் சலைனில் நனைத்துப் புண்ணை மூடினார். பேண்டேஜை இறுக்காமல் இரண்டு சுற்று. அயோடினை எடுக்கப் போன விரலைத் திருப்பிக்கொண்டார். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஆட்டோவில் கூடை செவ்வந்தியின் மடியில் இருந்தது. மூடிக் கிடந்த ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றபோது அவள் கேட்டாள்.

“ரொம்ப நேரம் கெடந்துச்சுங்களா?”

“மத்தியானம் வரைக்கும்.”

“கூடயே இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

கேட் திறந்தது.

“நாலு வருசமா அந்த நாய அடிச்சுட்டிருக்கேன்” என்றாள்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, மேலே ஏதாவது ஊற்றினீர்களா என்று கேட்டாள். ஒன்றும் ஊற்றவில்லை என்று செவ்வந்தியே சொன்னாள். டாக்டர் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி போட்டு, நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி அட்டை மாட்டினாள். பிழைத்துக்கொள்ளும், தொடர்ந்து மூன்று நாள் கொண்டுவாருங்கள் என்றாள். தம்பிதுரை கூடைக்குக் கையை நீட்டினார். செவ்வந்தி கொடுக்கவில்லை. வீடு வரைக்கும் அவளே தூக்கி வந்தாள்.

சாயங்காலம் பினாயில் பாட்டிலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். இதை வீசிவிட முடியாது, வீட்டுக்கு வேணும் என்றாள். ஒரு சீட்டில் பூனைக்கு ஆகாது என்று எழுதி ஒட்டிவிடுகிறேன் என்றார் அவர்.

“எனக்கு எழுத்துத் தெரியுமாக்கும்? படம் போட்டு வைங்க.”

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். காதுகள் வந்தன. உடம்பைச் சுருட்டி வரைந்தார், கிழங்கு மாதிரி. மீசையும் வந்தது. கண்ணைப் போட வேண்டும். தலையைத் தூக்கினார். கழுத்தில் அட்டையோடு பூனை மூலையில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நக்க முடியாத அந்தப் பூனைக்குப் பக்கத்தில் எங்கிருந்தோ நாக்குச் சத்தம் கேட்டது.

கண் போடாமலே பசை தடவி ஒட்டினார்.