பார்த்ததை மட்டும் எழுதுங்க

பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில், வகுப்பின் கடைசி வரிசையில், மடியில் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள். பள்ளிகளில் அவளுக்குக் ‘கோட்டுக்காரி’ என்று பெயர். பிள்ளைகள் செய்வதைப் பார்த்து, தடவைக்கு ஒரு கோடு போட்டு எண்ணுவதுதான் வேலை. எதிரே, கரும்பலகை ஓரம், வாய்ப்பாடு டீச்சர். இருபத்திரண்டு வருடத்தில் தலை வெளுத்திருந்தது. சிவப்புப் பேனாவும் அதே அவசரமும் மட்டும் அப்படியே இருந்தன.

இந்த டீச்சர்தான் அன்று அவள் தம்பியைப் பற்றி, ‘திமிர் பிடித்தவன், திருந்தமாட்டான்’ என்று எழுதியது. அந்த ஒரு வரி அவனைப் பள்ளியை விட்டே தள்ளியது. அடுத்த பள்ளிக்கும் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அவனுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது என்பதைப் பதினேழு வயதில்தான் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். டீச்சர் இடப்பக்கம் நின்று கூப்பிட்டிருக்கிறார். அவன் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான். நடந்தது அவ்வளவுதான். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். யார் கூப்பிட்டாலும் முதலில் மன்னிப்புக் கேட்கிறான்.

அவளுடைய தொழிலின் அரிச்சுவடி எளிது. ‘திமிர்’ நடத்தை அல்ல. அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ‘தாளைக் கிழித்தாள்’ என்பது நடத்தை. பார்க்கலாம், எண்ணலாம், பக்கத்தில் இருப்பவர் எண்ணினாலும் அதே கணக்கு வரும். பயிற்சி கொடுத்தவர் குறும்புக்காரர். “பொணத்தால முடியுற எதையும் எழுதாதீங்கம்மா. ‘பேசாம இருந்தான்’னு எழுதுறீங்க. பொணம் அத உங்கள விட நல்லாவே செய்யும்!” என்பார். தாளில் மூன்று கட்டங்கள்: முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னால் நடந்தது. நடுக் கட்டம்தான் பிள்ளைக்கு. மற்ற இரண்டிலும் பெரும்பாலும் பெரியவர்களே வந்து மாட்டிக்கொள்வார்கள்.

இன்று நடுக் கட்டத்தில் ஒரு இரட்டைச் சடைச் சிறுமி. ‘வேண்டுமென்றே நோட்டைக் கிழிக்கிறாள், அடங்காப்பிடாரி’ என்பது டீச்சரின் புகார். சிறுமியைப் பள்ளியில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தலைமையாசிரியை இந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். காலையில் அவர் குரலைத் தாழ்த்தி, “தப்பு டீச்சர் பக்கம்னு தெரிஞ்சா அவங்கள வீட்டுக்கு அனுப்பிடுவேன். ஏற்கனவே நாலு புகார் இருக்கு” என்றும் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவள் நாக்கில் தேன் ஊறிக்கொண்டிருந்தது.

முப்பது நிமிடத்தில் ஐந்து கோடு விழுந்தது. ஐந்து தடவையும் முதல் கட்டத்தில் ஒரே வரி: தப்பான விடைக்கு டீச்சர் சிவப்பில் பெருக்கல் குறி போட்டார். உடனே சிறுமி அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். டீச்சர் கத்தினார். மாட்டினாயா, மாட்டினாயா என்று கோட்டுக்காரியின் மனம் குதித்தது. அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

ஆறாவது தடவை டீச்சர் பேனாவோடு குனிந்தார். சிறுமியின் விரல்கள் தாளின் ஓரத்தைப் பிடித்துத் தயாராக இருந்தன. டீச்சர் அந்த விரல்களைப் பார்த்தார். பேனாவை மூடினார். தப்பான விடைக்குப் பக்கத்தில் சுண்டுவிரலை வைத்து, “இத மட்டும் இன்னொரு தடவ பாரேன்” என்றார். சிறுமி ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

கோட்டுக்காரியின் பென்சில் நின்றது. இந்த வரியை விட்டுவிட்டால் போதும், டீச்சர் ஒழிந்தார். ஆனால் ஐந்து வரி மட்டும் இருந்தால், எப்போதும் கிழிக்கிற பிள்ளைதானே என்று யாரும் சொல்லிவிடலாம். சிவப்பு வராதபோது கிழியவில்லை என்று காட்டும் ஆறாவது வரிதான் சிறுமியைக் காப்பாற்றும். அதுவே டீச்சரையும் காப்பாற்றும். பேனாவை மூடத் தெரிந்தவரை யார் வீட்டுக்கு அனுப்புவார்கள்? தாள் பொத்துப்போகும்படி அழுத்தி எழுதினாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“என்னம்மா, என் தலையெழுத்தையும் சேத்து எழுதிட்டியா?”

“உங்க வேலைய காப்பாத்துற வரி ஒண்ணு கடைசில இருக்கு டீச்சர். வயிறெரிஞ்சுக்கிட்டேதான் எழுதினேன்.”

சிரிப்பு நின்றது. “நான் உனக்கு என்னம்மா பண்ணேன்?”

அவள் தம்பியைப் பற்றிச் சொன்னாள். ஜன்னலோர பெஞ்சு, காது, அந்த வரி.

டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். “எத்தனையோ பசங்க... ஞாபகம் வரலியேம்மா.”

டீச்சர் மறுப்பார், இல்லாவிட்டால் அழுவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒரு வெற்றுத் தாளை எடுத்து முன் மேசையில் வைத்தாள். மேலே தன் நீலப் பேனாவை வைத்தாள்.

“ஞாபகம் வர்ற வரைக்கும் உக்காருங்க. அன்னைக்கு அவன் என்ன செஞ்சான்னு எழுதுங்க. திமிர்னு எழுதக் கூடாது. பாத்தத மட்டும்.”

“எழுதலேன்னா?”

“என் தாள்ல இருக்கறது பென்சில் டீச்சர். போற வழியில கடைசி வரி அழிஞ்சு போகலாம்.”

அழிக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியாது.

குட்டை நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்தபோது முழங்கால் மேசையில் இடித்தது. பேனாவை எடுத்து, ‘அந்தப் பையன்’ என்று எழுதினார். அடுத்த சொல்லுக்காக வைத்த முனை அங்கேயே நின்றது. மை முதலில் கடுகளவு, பிறகு மிளகளவு, தாளில் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.