வேறொரு மருத்துவமனை

எங்கள் பிரசவ வார்டில் எங்கும் எழுதப்படாத, எவரும் மீறாத விதி ஒன்று உண்டு: பயிற்சி நாளன்று பேசப்படும் தவறு எதுவாயினும் அது வேறொரு மருத்துவமனையில் நிகழ்ந்ததாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அந்த வேறொன்று எங்கிருக்கிறது என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

கறுப்பினத் தாய்மாரின் வலியைக் குறைத்து மதிப்பிடும் வழக்கத்தைக் களைவதற்கான பயிற்சி அது. ஆண்டுதோறும் நடக்கும். அன்றும் இருக்கைகள் நிரம்பிய பிறகே வெர்லீன் வந்து, நான் அவளுக்காகப் பிடித்துவைத்திருந்த பக்கத்து நாற்காலியில் சரிந்தாள். அந்த வார்டில் கறுப்பினச் செவிலியர் நாங்கள் இருவர்தாம்.

"நாலாம் ரூம் ஜோனெல்லுக்குத் தலைவலி விடவே இல்லடி. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதாம். பிரஷர் வேற ஏறிக்கிட்டே போகுது."

"ஹாஸ்கெல் டாக்டர் பார்த்தாரா?"

"பார்த்தாரே! தூக்கம் கெட்டதால வருதாம். ஒரு மாத்திரையைக் குடுத்துட்டு, இதோ முன் வரிசையில உக்காந்திருக்காரு."

முந்தின நாள் பிள்ளை பெற்றவள் ஜோனெல். எங்கள் இனத்துத் தாய்மாரின் காதில் நாங்கள் ரகசியமாகப் போட்டுவைப்பது ஒன்றுண்டு: குரலை உயர்த்தாதே, சிரித்தபடி சொல், என்ன வேலை பார்க்கிறாய் என்பதையும் சொல், இல்லையேல் முரண்டு பிடிப்பவள் என்று குறித்துவிடுவார்கள். அன்று காலை ஜோனெல்லிடமும் வெர்லீன் அதையே சொல்லியிருந்தாள். ஜோனெல், தான் பள்ளி ஆசிரியை என்று தொடங்கி, வேதனையைப் புன்னகையால் மூடியபடி விவரித்தாள். இப்படிச் சிரிப்பவளுக்கு எவ்வளவுதான் வலித்துவிடும் என்று மருத்துவர் நகர்ந்துவிட்டார்.

"நான் சொல்லிக் குடுத்ததே அவளுக்கு வினையாப் போச்சு."

"மறுபடி போய்ச் சொல்லிப் பாரேன்."

"சொன்னேன். 'கொஞ்சம் மூச்சு விடு வெர்லீன்'னு சிரிக்கிறாரு. மேலதிகாரியம்மாகிட்டயும் போனேன், பயிற்சி முடியட்டுமாம். வாய் வலிக்குதுடி எனக்கு."

மேடையில் பயிற்சியாளர் கேட்டார்: "பிரசவமான மறுநாள் கடுமையான தலைவலி, பார்வைத் தடுமாற்றம், ஏறுற ரத்த அழுத்தம். என்ன பண்ணுவீங்க?"

ஹாஸ்கெல் கையை உயர்த்தினார். "நிமிஷம் தாமதிக்கக் கூடாது. மருந்து ஏத்தணும். இல்லேன்னா வலிப்பு வந்து உயிரே போயிடும். வேற ஒரு ஆஸ்பத்திரியில அப்படித்தான் ஒரு பொண்ணு போயிட்டா. அவ சொன்னதை யாருமே காதுல வாங்கல." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கைதட்டினார்கள், பழக்கத்தில் நானும் தட்டினேன்.

வெர்லீன் தட்டவில்லை. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். அவள் சட்டைக் கையை இழுத்தேன். "வேணாம்டி, உக்காரு."

அவள் என் விரல்களை விலக்கினாள்.

"வேற ஆஸ்பத்திரி இல்ல, டாக்டர். இந்த ஆஸ்பத்திரி. மாடியில நாலாம் ரூம். பேரு ஜோனெல். நீங்க இப்பச் சொன்ன அத்தனையும் அவளுக்கு இருக்கு. காலையில தூக்கம் கெட்டிருக்குன்னு சொல்லிட்டு வந்தது நீங்கதான். எழுந்திரிங்க, போகலாம்."